செல்விக்கு, நாகையிலிருந்து

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா? தம்பி மகள் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தை மாதம் நீ வந்தே ஆக வேண்டும், "லீவு கிடைக்கலடி" கதையெல்லாம் என்னிடம் வேகாது. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். நம் தோழி ஒல்லிக்குச்சி பாட்டியாகிவிட்டாள், அதை அவளே உனக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் சொல்லுவாள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "குழம்பு அடிப்பிடிக்குது" என்று ஓடிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் எட்டாம் வகுப்பில் நிலநடுக்கம் நடத்தினேன். சுனாமி என்ற சொல்லை எடுத்ததும் கீச்சாங்குப்பத்துப் பையன் ஒருத்தன் எழுந்தான். "டீச்சர், மொதல்ல கடல் உள்ள போவுமுல்ல? அதப் பாத்துட்டு ஓடிக்கலாமுல்ல?" வகுப்பு முழுக்க "ஆமா டீச்சர்" என்றது. ஒருத்திகூட மறுக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, செல்வி. அன்றிலிருந்து இதே யோசனைதான்.

அவர்கள் யாரும் 2004-இல் பிறக்கவே இல்லை. கேள்விப்பட்டதை வைத்துத்தான் பேசுகிறார்கள். அந்தப் பையனின் ஆயா அன்று ஏலத்துக்காகக் கரையில் நின்றவள். கடல் உள்வாங்கியதை அவள் பார்த்தது உண்மை. ஆனால் எப்போது? முதல் தண்ணீர் ஏறி வடிந்த பிறகு. சென்னைத் துறைமுகத்துக் கடல்மட்டமானியிலும் முதலில் பதிவானது ஏற்றம்தான். முதலில் ஏறி, பிறகு உள்வாங்கி, திரும்பவும் வந்தது. பிழைத்தவர்கள் மனதில் நின்றது நடுவில் கடல் விலகிக் கிடந்த அந்தக் காட்சி. பேரப்பிள்ளைகளிடம் வந்து சேரும்போது அதுவே ஆரம்பமாகிவிட்டது.

ஏன் அப்படி ஏறி வந்தது என்று பலகையில் வரைந்து காட்டினேன், உனக்கும் சொல்கிறேன். பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகக் கிடக்கிறது; சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. உரசும் இடம் பூட்டிக்கொள்வதால் மேல்தட்டின் விளிம்பும் சேர்ந்து கீழே இழுபடுகிறது. வளைத்துப் பிடித்த மூங்கில் பத்தையைக் கைவிட்டால் என்ன ஆகும்? 2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 6.29-க்கு அதுதான் நடந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு முறிவு ஓடியது. மேற்கே, நம்மைப் பார்த்திருந்த பக்கம் கடல்தரை எம்பியது; கிழக்கே தாழ்ந்தது. ஆகவே நம் பக்கம் புறப்பட்டது அலையின் மேடு, தாய்லாந்துப் பக்கம் புறப்பட்டது பள்ளம்; அதனால் அங்கேதான் கடல் முதலில் உள்வாங்கியது.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் படித்த ஞாபகத்தில் அப்பா அம்மாவிடம் சொல்லி, கடற்கரையிலிருந்த கூட்டத்தையே காப்பாற்றினாளே, அந்தக் கதையை நானே எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்! அங்கே அது சரி. நம் கரையில் கடல் உள்வாங்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றால் காலம் கடந்துவிடும். உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. அதற்காகக் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சுமத்ராவை ஒட்டி சிமெலுவே என்று ஒரு தீவு. நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில். அங்கே 70,000-க்கும் மேல் மக்கள். சுனாமியில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் பட்ட அடியைத் தாத்தா பாட்டிகள் பாட்டாகவும் கதையாகவும் பாடிப் பாடி வைத்திருந்தார்கள்: பலமாகப் பூமி ஆடினால் மலையேறு. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஏறினார்கள். ஆனால் நமக்கு அந்த அறிகுறியும் கிடையாது. அன்று காலை நாகையில் எத்தனை பேருக்கு ஆட்டம் தெரிந்தது சொல்? ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் கூட்டம், அக்கரைப்பேட்டையில் மீன் ஏலம். வங்கக்கடலைத் தாண்டி அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆழ்கடலில் மணிக்கு 600, 700 கிலோமீட்டர் வேகம், ஆனால் உயரம் முக்கால் மீட்டர்கூட இல்லை. மேலே பறந்த செயற்கைக்கோள் அளந்து சொன்னது. கடலில் இருந்த நம் ஆட்களுக்கு ஒன்றுமே தெரியாமல், திரும்பி வந்தல்லவா கரையைப் பார்த்தார்கள்! இரண்டு மணி நேரம், செல்வி. நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். ஒரு சத்தம் கொடுக்க ஆளில்லை.

ஆனால் ஒரு ஊரில் கொடுத்தார்கள். புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு. உன் ஊரில், சிங்கப்பூரில் வேலை பார்த்த பிள்ளை டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. பூட்டியிருந்த மையத்தைத் திறந்து, "ஊரை விட்டு ஓடுங்க" என்று கத்தினார்கள். ஊரே பிழைத்தது.

இப்போது ஐதராபாத்தில் இன்கோயிஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007-இலிருந்து. நிலநடுக்கம் நடந்த சில நிமிஷங்களில் அளவும் இடமும் கணக்கிட்டு, கடலடி அழுத்தமானிகளையும் கடல்மட்டமானிகளையும் பார்த்து அறிக்கை கொடுக்கிறார்கள். அந்த வேலையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஐதராபாத்திலிருந்து கிளம்பிய சொல் நம் கரையில் வலை பின்னுகிறவரின் காதில் விழ வேண்டுமே! பள்ளிக்குப் பின்னால் வைத்த எச்சரிக்கைப் பலகையைப் போய்ப் பார்த்தேன். உப்புக்காற்றில் தகரம் துருப்பிடித்து, ஓடுகிற மனிதனின் கால் மட்டும் மிச்சம். அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று தெரியவில்லை. அலுவலகத்துக்கு நேராகப் போய்ச் சொன்னேன், "எழுதிக் கொடுங்க மேடம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தாயிற்று. கோபம் கோபமாக வருகிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 உனக்கு ஞாபகம் இருக்கும். 8.6 அளவு, சென்னையில் ஆபீஸ்களை விட்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள், இங்கே கரையையே காலி செய்தோம். பெரிய அலை வரவில்லை. அதிலிருந்து "அன்னைக்கும் இப்படித்தான் ஓடவிட்டாங்க" என்று ஒரு பேச்சு. அன்று தட்டு பக்கவாட்டில் நழுவியது, கடல்தரை பெரிதாக எம்பவில்லை, அதனால் தப்பித்தோம். முதல் நிமிஷங்களில் அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஓடச் சொன்னதுதான் சரி. உன் அண்ணனும் இதே பேச்சைத்தான் பேசுகிறார், கல்யாணத்துக்கு வரும்போது நீயே அவரைக் கவனித்துக்கொள்.

ரஷ்யாவின் கம்சாத்கா பக்கம் செவெரோ-குரில்ஸ்க் என்று ஒரு சின்ன ஊர். 1952-இல் 9.0 அளவில் நிலநடுக்கம். முதல் அலைக்கு மலையேறியவர்களில் பலர், வடிந்ததும் சொந்தக்காரர்களைத் தேடியும் சாமான் எடுக்கவும் இறங்கி வந்தார்கள். அடுத்த அலை அதைவிடப் பெரிது. 2,300-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு ஊரை மேட்டில் கட்டினார்கள். 2025 ஜூலையில் அதே பகுதியில் 8.8. துறைமுகத்துக்குள் தண்ணீர் புகுந்தது, ஆனால் மக்கள் முன்பே மேலே ஏறியிருந்தார்கள், அலைக்கு யாரும் பலியாகவில்லை. 2004-இல் நம் தெருவிலும் அப்படிக் கரைக்குத் திரும்பி ஓடியவர்கள் உண்டு. உன் சித்தியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி உன் வேலைக்கு வருகிறேன். ஆண்டுவிழாவுக்குக் கும்மி கட்டியவள் நீ. அந்த வெள்ளாட்டுப் பாட்டை முட்டைக்கண் சார் இன்னும் முழுசாகப் பாடுகிறார். எனக்கு ஒரு பாட்டு வேண்டும். நம் கரைக்கென்று, நம் பேச்சில், நாலாம் வகுப்புப் பிள்ளை கையைத் தட்டிக்கொண்டே பாடுகிற மாதிரி. பூமி ஆடாமலும் வரும். கடல் உள்வாங்காமலும் வரும். ஒலிபெருக்கியோ போனோ சொன்னால் கடலைப் பார்க்கப் போகாதே, மேற்கே போ, இல்லையென்றால் மாடி ஏறு. ஒரு அலையோடு முடியாது, மணிக்கணக்கில் வரும், சொல்லும்வரை திரும்பாதே. இவ்வளவும் உள்ளே வர வேண்டும். அழுகைப் பாட்டாக வேண்டாம், பிள்ளைகள் விளையாட்டில் பாட வேண்டும்.

மெட்டை மட்டும் முதலில் வாட்ஸப்பில் பாடி அனுப்பு. டிசம்பர் 26-க்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட நினைக்கிறேன், அரையாண்டுப் பரீட்சை வேறு நடுவில் வருகிறது. அத்தானிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தேவி