நேபாள இளைஞர்களும் கட்சிகளின் கதவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நேபாள உள்நாட்டுப் போர் 2006இல் முடிந்தது. ஆனால் 2015 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை பிரதமர் நாற்காலி ஒலி, பிரசண்டா, தேவ்பா என்ற மூவரிடையே மட்டுமே கைமாறியது. 2025 செப்டம்பரில் அரசு விதித்த சமூக ஊடகத் தடையை எதிர்த்து வீதிக்கு வந்த இளைஞர்களின் கோபத்துக்கு, அத்தடையை விட இந்தச் சுழற்சியும் ஊழலுமே ஆழமான காரணங்கள்.

18 வயதில் வாக்குரிமை தரும் அந்நாட்டு அரசியலமைப்பு, நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட 25 வயதையும் மேலவையான தேசிய சபைக்கு 35 வயதையும் கேட்கிறது. வயது வரம்பை விடப் பெரிய தடை கட்சிகளுக்குள்ளேயே இருக்கிறது என்பேன்: மாணவர் அமைப்புகளை ஊர்வலத்துக்கும் மறியலுக்கும் அழைக்கத் தயங்காத தலைமைகள், வேட்பாளரை முடிவு செய்யும் அறைக்குள் அவர்களை எளிதில் அனுமதிப்பதில்லை. உள்ளாட்சிகளில் 21 வயதிலேயே போட்டியிடலாம் என்பதால், மாற்றத்தை அங்கிருந்தாவது கட்சிகள் தொடங்கலாம்.

– வாசகர், திருநெல்வேலி