சந்தைப்பேட்டைக் கட்டடத்தின் சாவியைத் திருப்பித் தரக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு. செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: கலைஞர்கள் பயிற்சி செய்யும் இடத்தைத் திறந்துவிடக் கோருதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாட்டுச்சந்தைக்கு எதிரே உள்ள பழைய வாசகசாலைக் கட்டடம் தாங்கள் அறியாததல்ல. அதைத் தாண்டித்தான் தினமும் அலுவலகம் வருகிறீர்கள். ஒன்பது வருடமாக எங்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் சங்கம் அங்கேதான் இயங்கியது. போன ஆடியில் வெள்ளையடிக்க வேண்டும் என்று சாவியை வாங்கினார்கள். வெள்ளை அடித்தாயிற்று. சாவி வரவில்லை. மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு மட்டும் கையில் இருக்கிறது.

1. சங்கம் வருமுன் எங்கள் கூலி தரகர் கையில் இருந்தது. விடிய விடியப் பறை அடித்துவிட்டுப் பாதிக் கூலியோடு திரும்பியிருக்கிறோம். இப்போது அச்சாரம் சங்கத்தில் கட்டப்படுகிறது.

2. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் அமைந்தது. அதில் பதிய, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் படிவம் நிரப்பிக் கொடுத்தோம்.

3. பறையின் தோல் வேப்பஞ்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவது. ஈரம் பட்டால் விட்டுப்போகும். இந்த மழையில் நான்கு பறை போயிற்று.

4. வேறு இடம் இல்லாததால் சுடுகாட்டுக் கொட்டகையில் பயிற்சி நடக்கிறது. ஐயா, எங்கள் அப்பனையும் பாட்டனையும் சாவுக்கு மட்டும்தான் கூப்பிட்டார்கள். தெருவில் நின்றே அடித்தார்கள். அந்தப் பறையைப் பள்ளி ஆண்டு விழா மேடைக்குக் கொண்டுவர எங்கள் வாத்தியாருக்கு இருபது வருடம் ஆயிற்று. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, அந்தக் கட்டட வாசலில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடினார்கள். அதே பறையைத் திரும்பவும் சுடுகாட்டுக்கே அனுப்பிவிட்டது ஒரு பூட்டு. பதினோரு பெண் பிள்ளைகள் படித்தார்கள். பொழுது சாய்ந்தபின் சுடுகாட்டுக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? போன வாரம் பயிற்சிக்கு நடுவில் ஒரு பிணம் வந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவர், "அதான் இருக்காங்கள்ல, அடிக்கச் சொல்லு" என்றார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். அதன்பிறகு அவள் வரவில்லை. இப்போது வருவது இரண்டே பெண் பிள்ளைகள், அதுவும் அப்பா கூட வந்தால்தான்.

5. கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஜன்னல் வழியே பார்த்தோம். பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், ஓடாத குப்பை வண்டி இரண்டு. மூட்டைக்குக் கூரை வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டாமா? வாடகை கேளுங்கள், தருகிறோம். கரண்ட் பில்லை இத்தனை வருடமும் நாங்கள்தான் கட்டினோம். சத்தம் என்று யாராவது புகார் கொடுத்திருந்தால் சொல்லுங்கள், நேரத்தைக் குறைத்துக்கொள்கிறோம். ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

6. சாவியைக் கொடுங்கள் ஐயா.

மாசி பிறந்தால் திருவிழா அச்சாரம் வரத் தொடங்கிவிடும். அதற்குள் மாலை 6 மணி முதல் 8 மணி வரையாவது கட்டடத்தைத் திறந்துவிட ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பறையை எடுத்து வைத்திருக்கிறோம். சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் மற்றும் பிள்ளைகளின் பெற்றோர்

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல்கள் – 3