இரண்டாவது தாள் உங்கள் இருவருக்கு மட்டும்

டெட்ராய்ட்,
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. மீனாவும் பையனும் நலம்.

இங்கே முழங்கால் வரை பனி. எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றி அம்மா கேட்டிருந்தாளே, மனிதர் மாறவேயில்லை. விடியுமுன் வந்து எங்கள் வாசல் பனியையும் வாரித் தள்ளிவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறார். மீனா ஒருநாள் இட்லியும் பருப்புப் பொடியும் கொடுத்தாள். மறுநாள் கழுவிய டப்பாவுக்குள் நான்கு ஆப்பிள் போட்டு வாசலில் வைத்திருந்தார். அம்மா கொடுத்தனுப்பிய பொடி அத்தோடு தீர்ந்தது.

இதுவரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. இரண்டாவது தாள் உனக்கும் அத்தானுக்கும் மட்டும்.

அக்கா, தீபாவளிக்கு நான் பணம் அனுப்பாததைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. வேலையில்லாமல் இருந்த எட்டு மாதத்தில் கிரெடிட் கார்டுக் கடனும் ஆஸ்பத்திரிக் கடனும் கழுத்துக்கு வந்துவிட்டன. மூன்று வருடத்துக்கு முன் நீதிமன்றத்துக்குப் போனேன். நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்களே, அப்படிக் கைவிரித்துவிடவில்லை. இங்கே திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தில், வீட்டை விடாமல், சம்பளத்தில் செலவு போக மிஞ்சுவதை மாதாமாதம் கட்டலாம். டிரஸ்டி வாங்கிக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். எனக்கு ஐந்து வருடம். இன்னும் இரண்டு பாக்கி.

ஜனவரியில் ஹீட்டர் செத்துப்போயிற்று. மூவரும் ஒரே அறையில் படுத்தோம். சன்னலோரம் ஏழு வருடம் வளர்த்த கறிவேப்பிலைச் செடி இரண்டே இரவில் கருகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் அழுதேன், கடனுக்காக அழவில்லை. நம் கொல்லையில் அது கேட்பாரில்லாமல் முளைத்துக் கிடக்கும்.

புது ஹீட்டருக்கு 6,000 டாலர். யாரிடம் கேட்பது? அத்தான் பி.எஃப். பணத்தில் கூரை மாற்றினாரே, அதுபோல் எனக்கு 401(கே) என்று ஓய்வுக்காலச் சேமிப்பு உண்டு. கடன்காரர்கள் கைவைக்க முடியாத பணம். அதில் பாதி வரை, 50,000 டாலருக்கு மேற்படாமல், நாமே கடனாக எடுக்கலாம். ஆனால் நீதிமன்றத் தவணை முடியும்வரை என்னிஷ்டத்துக்குக் கடன் வாங்க முடியாது. வக்கீல் மனுப் போட்டு அனுமதி வாங்கினார். அசலும் வட்டியும் சம்பளத்தில் பிடித்து என் கணக்குக்கே திரும்பிவிடும். இந்த வேலையும் போனால்தான் கஷ்டம். குறித்த கெடுவுக்குள் கட்டாத பாக்கியை வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். ஐம்பத்தொன்பதரை வயது ஆகாததால் பத்து சதவீத அபராதமும் உண்டு. அந்தப் பயம்தான் ராத்திரியில் எழுப்பிவிடுகிறது.

இனி கிணற்றடி நிலம். சித்தப்பா கையெழுத்துக் கேட்பதாக எழுதியிருந்தாய். என் பங்கை நீதிமன்றச் சொத்துப் பட்டியலில் மறைக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வக்கீலைக் கேட்காமல் விற்கச் சம்மதிக்க முடியாது. யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் அத்தானே பக்குவமாகச் சொல்லட்டும். பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் எடுத்து அனுப்பி வை. செலவை எழுது, மார்ச் சம்பளத்தில் அனுப்பிவிடுகிறேன்.

உன் தம்பி,
முருகேசன்