மொம்பாசாவுக்கு வண்டி ஏற்றும் முன்

அன்புள்ள மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதும் "சரிடா, போவோம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்னத்துக்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது. கென்யாவில் மொம்பாசாவில் இறங்கி தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் வரைக்கும், ரெண்டு பைக், மூணு மாசம், ஐம்பத்து மூணு வயசில். போனில் பேசினால் நீ பேசியே என்னை மடக்கிவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் வருகிற ஒவ்வொருத்தி புடவைக்கும் கரை என்ன கலர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. உன் தங்கச்சியிடம் ஆப்பிரிக்கா விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அங்கே போய் விழுந்தீங்கன்னா யார் தூக்குவா?" என்று மட்டும் கேட்டாள். விழமாட்டேன் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், சொல்ல முடியவில்லை.

ஏன் என்றால் அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் விழுந்திருந்தேன். கடைக்கு வருகிற பையன் ஒருத்தனிடம் பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, ரெண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து கிலோ கட்டி, சோழவந்தான் தாண்டி வைகைக்குள் இறக்கினேன். கருவேலங்காட்டுக்கு நடுவில் அங்கே கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கிறது, நமீபியாவுக்கு ஒத்திகை பார்க்க நமக்கு வேறு எங்கே மணல் கிடைக்கும் சொல். டயரில் காற்றைக் குறைத்துக்கொள், எழுந்து நின்று ஓட்டு, ஆக்ஸிலேட்டரை விடாதே, முன் சக்கரம் அலைந்தால் அலையட்டும் என்று எல்லாரும் சொல்வதுதான். எல்லாம் தெரிந்துதான் போனேன். நாற்பது அடி போயிருப்பேன், முன் சக்கரம் ஒரு அலை அலைந்தது, பயத்தில் கை தானாக ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டது. அவ்வளவுதான், வண்டி மாடு படுக்கிற மாதிரி பைய ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டது. எனக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை மாப்ள. ஹேண்டில்பாரை ஒடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலால் உந்தி எழுப்ப வேண்டும் என்பது தெரியும். உந்தினேன். இடது முழங்கால் 'கடக்' என்றது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து எட்டிப் பார்த்து, "ஏன் சாமி, ரோடு அங்கிட்டுல்ல இருக்கு" என்றது. அந்த அம்மாதான் பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தூக்கிவிட்டது.

அதனால் உன்னுடைய புது ஹிமாலயன் 450 யோசனைக்கு என் பதில்: வேண்டாம். நாற்பது குதிரைச் சக்தி நல்ல விஷயம்தான், ஓட்டிப் பார்த்தேன், எனக்கும் ஆசைதான். ஆனால் ஹிமாலயன் எதை எடுத்தாலும் மூட்டை முடிச்சு இல்லாமலே இருநூறு கிலோவை ஒட்டி நிற்கிறது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் நூற்று அறுபது கிலோவுக்குள். வித்தியாசம் நாற்பது கிலோ, அதாவது ஒன்றரைச் சிப்பம் அரிசி. அந்த ஒன்றரைச் சிப்பத்தை மூணு மாசம் தினமும் சும்மா சுமப்பானேன்? முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச் ஸ்போக் வீல், 13 லிட்டர் டேங்க், ரேடியேட்டர் கிடையாது. தொண்ணூறுக்கு மேல் முக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தான்சானியாவில் ஊருக்கு ஊர் ஐம்பதுதான் வேகம், வெள்ளைச் சட்டை போலீஸ் மரத்தடியில் ரேடாரோடு நிற்கும். உன் நாற்பது குதிரை அங்கே புல் மேய வேண்டியதுதான்.

இன்னொன்று. அங்கே ஊர் முழுக்க ஓடுவது நம் நாட்டு வண்டிதான். பஜாஜ் பாக்ஸர், டிவிஎஸ் எச்எல்எக்ஸ். அதில் எச்எல்எக்ஸ் நம்மூரில் விற்பதே இல்லை, ஏற்றுமதிக்கு என்றே செய்வது. 1911ல் நம்ம மதுரையில் ஆரம்பித்த கம்பெனி வண்டியில் கென்யாக்காரன் மூணு பேரை உட்காரவைத்து, மேலே ஒரு கோழிக்கூடையையும் கட்டிக்கொண்டு போகிறான். ஆக ஒற்றை சிலிண்டர் சின்ன எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை அங்கே தெருவுக்கு ஒன்று இருக்கும். அந்த பைக் டாக்சிக்குப் பெயர் என்ன தெரியுமா? போடா போடா. கென்யா-உகாண்டா எல்லையில் ஒரு பார்டருக்கும் இன்னொரு பார்டருக்கும் நடுவில் சைக்கிளில் ஆள் ஏற்றியவர்கள் 'பார்டர் பார்டர்' என்று கூவி, அதுவே போடா போடா ஆகிவிட்டதாம். இறங்கின அன்றைக்கே எவனாவது உன்னைப் பார்த்து "போடா?" என்று கேட்டால் சட்டையைப் பிடித்துவிடாதே.

சாமான் விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை. 94ல் கொடைக்கானல் போனபோது என்ன சொன்னாய்? "கேபிள் எதுக்குடா, பாரம்." டம்டம் பாறைக்கு மேலே யெஸ்டியில் கிளட்ச் கேபிள் அறுந்து, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, தள்ளிக்கொண்டே ஓடி, ஏறி உட்கார்ந்து கியரை மிதித்து, நிறுத்தினால் ஆஃப் ஆகிவிடும் என்று எங்கேயும் நிறுத்தாமல் வத்தலக்குண்டு வரைக்கும் வந்தோமே. வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு நீ கை எடுத்துக் கும்பிட்டது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இந்தத் தடவை புது கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்து டேங்குக்கு அடியிலேயே ஓட்டி, டேப் சுற்றி விட்டுவிடுவேன். அறுந்தால் ரெண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். பிரேக் லீவர், கிளட்ச் லீவர், ட்யூப் நாலு, செயின் லாக், வீல் பேரிங் எல்லாம் கடையிலிருந்தே வரும். விலை போட மாட்டேன், பயப்படாதே.

ஓட்டுவது சுலபம் மாப்ள, காகிதம்தான் கஷ்டம். வண்டிக்கு கார்னெட் வாங்க வேண்டும், மும்பையில் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் கொடுக்கிறார்கள். வண்டியுடைய பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் மூணு துண்டு. உள்ளே போகும்போது சுங்கத்தில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை குத்துவார்கள், வெளியே வரும்போது இன்னொரு துண்டு, இன்னொரு முத்திரை. வெளியே வந்த முத்திரை இல்லை என்றால் வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டாய் என்று கணக்கு, வரி மொத்தத்தையும் நாம் இங்கே கட்டிய ஈட்டுத்தொகையில் பிடித்துக்கொள்வார்கள். வாடிவாசலில் விட்ட காளை, காளை பிடிக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கயிறோடு காத்து நிற்கிற மாதிரிதான் ஒவ்வொரு எல்லையிலும் நிற்க வேண்டும். லாரிக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று முத்திரையைப் பார்க்காமல் கிளம்பிவிடாதே. ஒரே நிம்மதி, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் ஒரே சுங்கக் கூட்டு, அங்கே உள்ளே போகையில் ஒன்று, கடைசியில் வெளியே வருகையில் ஒன்று போதும்.

ஆர்சி உன் பெயரிலேயே இருக்க வேண்டும், அதனால் பொங்கலுக்கு நீ ஷார்ஜாவிலிருந்து வரும்போதே வண்டி எடுத்துவிடலாம். சர்வதேச டிரைவிங் பெர்மிட்டை நான் எடுக்கப் போன இடத்தில் லைசென்சில் பழைய முகவரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மாற்றிக்கொண்டு போனால் சர்வர் இல்லை. மூணாவது தடவை போனபோது கவுண்டரில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "ஆப்பிரிக்காவா, பைக்கா?" என்று கேட்டு, பக்கத்து டேபிள் ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆயிரம் ரூபாய், ஒரு வருஷம் செல்லும். நீயும் எடுத்துவிடு.

அப்புறம் மஞ்சக் கார்டு. குழம்பாதே, ரெண்டு இருக்கிறது. ஒன்று மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு. நான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்வதாக இருக்கிறேன். போய்ச்சேர்வதற்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும், ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். அது இல்லாமல் கென்யா மாதிரி நாட்டிலிருந்து நேராகத் திரும்பி வந்தால் நம் ஏர்போர்ட்டிலேயே பிடித்து ஆறு நாள் தனியாக வைத்துவிடுவார்கள். இன்னொரு மஞ்சக் கார்டு வண்டிக்கு, கொமெசா என்கிற ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு இன்சூரன்ஸ். கென்யாவில் எடுத்தால் தான்சானியா, சாம்பியாவுக்கும் செல்லும். எல்லையில் அவன் மஞ்சக் கார்டு கேட்டால் ரெண்டையும் நீட்டிவிடு.

கிளம்புகிற நேரம் ஜூன் கடைசி. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் நான் எங்கேயும் வர மாட்டேன், அது தனி. கென்யாவில் மே வரைக்கும் பெரிய மழை, தெற்கே நவம்பரில் மழை தொடங்கும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்தான் நமக்கு வாய்த்த மழையில்லாத காலம். கேப் டவுனில் மட்டும் தலைகீழ், அங்கே ஜூலையில்தான் மழையும் குளிரும். செப்டம்பரில் போய்ச்சேர்ந்தால் தப்பித்தோம். வழி நெடுக நம்மை மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நைரோபி நெரிசல் வேண்டாம். மொம்பாசாவிலிருந்து வோய், டவேட்டா, எல்லை தாண்டினால் மோஷி, தலைக்கு மேலே கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர். வோயைச் சுற்றி சாவோ காடு. 1898ல் ரயில் பாலம் கட்டப் போன நம் நாட்டுக் கூலிகளைச் சிங்கம் தின்ற இடம். இதை உன் தங்கச்சியிடம் சொல்லித் தொலைக்காதே. அங்கேயிருந்து மொரோகோரோ, மிகுமி, இரிங்கா, எம்பேயா, அப்புறம் சாம்பியா. மிகுமியில் நெடுஞ்சாலையே சரணாலயத்துக்கு நடுவில்தான் போகிறது, ஐம்பது கிலோமீட்டர் பைய உருட்ட வேண்டியதுதான். இருட்டின பிறகு எந்த நாட்டிலும் ஓட்டுவதில்லை, இது பேச்சுக்கே இடமில்லை.

சாம்பியாவில் நான் பார்க்க நினைக்கிற இடம் ரெண்டு. ஒன்று விக்டோரியா அருவி. 1855ல் லிவிங்ஸ்டன் ராணி பெயரை வைத்துவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மோசி-ஓவா-துன்யா, இடி முழங்கும் புகை என்று அர்த்தம். நம்ம மதுரை ஏ.வி. பாலம் இருக்கிறதே, 1889ல் திறந்தது, அந்த ஆல்பர்ட் விக்டர் யார் என்று நினைக்கிறாய், அதே ராணியின் பேரன்தான். பாட்டி பெயரில் அங்கே தண்ணீர், பேரன் பெயரில் இங்கே தண்ணீர் இல்லாத ஆற்றுக்கு மேலே பாலம். இன்னொன்று கசுங்குலா பாலம், சாம்பசி ஆற்றின் மேல் 923 மீட்டர். 2021ல் திறந்தார்கள், அதுக்கு முன்னால் மிதவைப் படகுதான், லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். பாலம் நேராக இருக்காது, வளைந்து போகும். நேராகக் கட்டினால் ஜிம்பாப்வே எல்லைக்குள் நுழைந்துவிடும் என்பதால் வளைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு வேலியில் இடிக்காமல் சுவர் கட்டுகிற கஷ்டம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே பயம் நமீபியாதான். யானை குறுக்கே வரும் என்று போர்டு வைத்த கேப்ரிவி ரோடு கூடப் பரவாயில்லை. மதுரை மாவட்டத்தில் 2011 கணக்குப்படி முப்பது லட்சம் பேர். நமீபியா நாட்டுக்கே 2023 கணக்கில் முப்பது லட்சம்தான். ஆனால் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. நம்ம மாவட்டத்து ஜனத்தை ஆறு தமிழ்நாட்டில் தூவிவிட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். நான் பிறந்ததிலிருந்து பக்கத்தில் ஒருத்தர் இல்லாமல் ஒரு மணி நேரம் இருந்ததில்லை மாப்ள. கடையில் கூட்டம், வீட்டில் கூட்டம், வைகைக்குள் விழுந்தால்கூட ஆடு மேய்க்கிற அம்மா வந்தது. அங்கே ஜல்லி ரோட்டில், அதுவும் தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கிற ரோட்டில், நீ முன்னால் ஒரு புழுதியாகப் போய்க்கொண்டிருப்பாய், நான் பின்னால் விழுந்து கிடந்தால் உனக்கே தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது கணக்கில்லை, நின்று பார்க்க வேண்டும். இதுக்கு நீ சரி என்று எழுதினால்தான் நான் கார்னெட்டுக்குப் பணம் கட்டுவேன்.

கடைசியாக ஒன்று. கேப் டவுனோடு முடிக்க வேண்டாம். இன்னும் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் டர்பன். 1860ல் மெட்ராஸிலிருந்து புறப்பட்ட டிரூரோ கப்பல் நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கிய ஊர். இன்னமும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். வண்டியை அங்கேயிருந்தே கப்பலில் ஏற்றிவிடலாம். டர்பனில் இருக்கிற முருகன் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வர வேண்டும் என்பது அம்மாவின் ஆர்டர். இந்த ஊர் பெயரை நான்தான் அவருக்குச் சொன்னேன், இப்போது ஆறு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். இனி போகாமல் இருக்க முடியாது.

முழங்காலுக்குத் தினமும் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொல்லியிருக்கிறார் டாக்டர், செய்துகொண்டிருக்கிறேன். நீயும் வயிற்றைக் கொஞ்சம் குறை. வரும்போது அங்கே நல்ல ஹெட்லாம்ப் டார்ச் கிடைக்கும் என்றாயே, ரெண்டு வாங்கி வா. தங்கச்சிக்கு ஒன்றும் வாங்கி வராமல் வீட்டுப் பக்கம் வந்துவிடாதே, ஏற்கெனவே உன் மேல் கோபமாக இருக்கிறாள்.

உன்
மச்சான்