கோல் அடித்தவர் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்துக் கிண்ணப் போட்டிக்கும் தமிழ்ப்பள்ளிக் காற்பந்துக்கும் இன்று இடம் ஒதுக்கும் பத்திரிகைகள் குறைவு. உங்கள் விளையாட்டுப் பக்கம் ஒதுக்குகிறது, நன்றி. குறை ஒன்று உண்டு. கிண்ணத்தை எடுத்து வழங்கிய பிரமுகரின் பெயர் பட்டத்தோடு முழுசாக வருகிறது. கோல் அடித்த பையனின் பெயரும் வருகிறது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தவன் யார், அதை முன்வரிசைக்குக் கொண்டு சேர்த்தவன் யார் என்று ஒரு வரிகூட இல்லை. குழுச் செயலாளர்கள் எழுதி அனுப்புவதே அப்படித்தான் என்பது தெரியும். அவர்களுக்கும் சேர்த்தே இக்கடிதம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது? சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பெற்றோர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கோப்பில் வைக்கிறார்கள். மகன் பெயர் அதில் வர வேண்டுமென்றால் அவன் கோல் அடித்தாக வேண்டும். அதனால்தான் எந்தத் திடலோரத்தில் நின்றாலும் "முன்னுக்குப் போடா, நீயே அடி!" என்ற சத்தம் கேட்கிறது. மத்தியத் திடலில் ஆடப் பிறந்த பையன் பன்னிரண்டு வயதுக்குள் முன்வரிசைக்குத் தள்ளப்பட்டு, அங்கே வேகம் பற்றாமல், பதினான்கில் பூட்ஸைக் கழற்றி விடுகிறான்.

தென்கிழக்காசிய நாடுகள் மோதிய 2010 சுசுகி கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்த மலேசிய அணி டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3–0 என வென்றது. ஜக்கார்த்தாவில் 1–2 எனத் தோற்றும் மொத்தத்தில் 4–2 எனக் கிண்ணத்தைத் தூக்கியது. சாஃபி சாலியின் 5 கோல்கள் எல்லாருக்கும் ஞாபகம். மத்தியத் திடலில் யார் யார் ஆடினார்கள் என்று காப்பிக் கடையில் கேட்டால், சஃபிக் ரஹிம் பெயர் வரும். அமிருல் ஹாடி பெயர் வருவதற்குள் காப்பி ஆறிவிடும்.

உலக அளவிலும் கணக்கு இப்படித்தான். குரோஷிய மத்தியத் திடல் ஆட்டக்காரர் லூகா மோட்ரிச் ரியல் மாட்ரிட்டுக்கு 13 பருவங்களில் 597 ஆட்டங்கள் ஆடி அடித்தது 43 கோல். அதே மனிதர் 2018இல் உலகக் கிண்ணத்தின் சிறந்த ஆட்டக்காரர், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருதையும் அதே ஆண்டில் பெற்றவர். 2016இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்து லீக்கை வென்றபோது அதன் மத்தியத் திடல் ஆட்டக்காரர் என்கோலோ காண்டே லீக்கில் அடித்தது ஒரே ஒரு கோல். கோல் அடித்தவரை மட்டும் பதிவு செய்யும் பத்திரிகைக்கு இந்த இருவரும் ஆண்டு முழுவதும் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரரின் வாழ்க்கை முதலில் சறுக்குவது 12, 13 வயதில். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கோ கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி காற்பந்து அகாடமிக்கோ ஆள் எடுப்பது படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு, தொடங்கும் வயதை ஒட்டித்தான். பள்ளிப் போட்டிகளில் வயது பிறந்த ஆண்டைக் கொண்டு பிரிக்கப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. அந்த வயதில் பதினொரு மாத இடைவெளி என்றால் தோளிலும் தொடையிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். தேர்வுக்கு வருபவர் பெரிய பையனைக் குறித்துக்கொண்டு போகிறார். உடம்பு சிறியது என்று ஹஜ்டுக் ஸ்ப்ளிட் கழகம் சிறுவன் மோட்ரிச்சை வேண்டாம் என்றதும் இப்படித்தான்.

தேர்வு நடக்கும் குறுகிய நேரத்தில் சிறிய பையன் செய்யும் தவறு, கண்ணில் பட வேண்டும் என்று நான்கு பேரைக் கடந்து போகப் பார்ப்பது. மூன்றாவது ஆளிடம் பந்து போய்விடும். தேர்வாளர் மத்தியத் திடலில் பார்ப்பது வேறு: பந்து வருவதற்கு முன் பையனின் தலை திரும்புகிறதா?

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தற்காப்பு ஆட்டக்காரர் 12 மீட்டர் தள்ளி நின்று பந்தைத் தருகிறார். ஓரளவு வலுவாக உதைத்த பந்து ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்துவிடும். அதற்குள் பின்னால் யார் என்று பார்த்து, முடிவெடுத்து, காலையும் தயாராக வைப்பது நடக்காத காரியம். ஆகவே பந்து அவர் காலை விட்டுக் கிளம்பும் முன்பே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. இடுப்பு பாதி திரும்பி, ஒரு கண்ணில் பந்தும் மறு கண்ணில் எதிர்க் கோலும் படும்படி நிற்க வேண்டும். பந்து வந்த பக்கத்துக் காலை விட்டுவிட்டு, தூரத்துக் காலின் உட்புறத்தால் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் முதல் தொடுதலிலேயே உடம்பு முன்னோக்கித் திரும்பிவிடும். கிட்டத்துக் காலால் வாங்கினால் முதுகு எதிர்க் கோலுக்குக் காட்டி நிற்கும். பிறகு வந்த வழியே திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. நார்வே ஆய்வாளர் கெய்ர் ஜோர்டெட் இங்கிலாந்து லீக் ஆட்டக்காரர்களைப் படம் பிடித்து எண்ணினார். பந்து வருமுன் அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்ப்பவர்களின் பாஸ்கள்தான் கூடுதலாகச் சரியான ஆளிடம் சேர்ந்தன.

நம் பிள்ளைகளுக்கு இது கைவராததற்குத் திடல்தான் பாதிக் காரணம். வெயில் காலத்தில் செம்மண் இறுகி, பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாது. நாலு மணி மழைக்குப் பிறகு சேற்றில் நின்றுவிடும். பையன் பந்தையே முறைத்துக்கொண்டு நிற்கப் பழகுகிறான், தலை நிமிர்வதே இல்லை. எல்பில், டோவன்பி என்று எந்தத் தோட்டத்துத் திடலையும் குறை சொல்லி ஒரு நாளில் மாற்ற முடியாது. பக்கத்தில் சிமெண்டுத் தரை போட்ட பூப்பந்து மைதானமோ மண்டபமோ இருந்தால் போதும். ஃபுட்சால் பந்தின் சுற்றளவு 62 முதல் 64 செண்டிமீட்டர். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 65 செண்டிமீட்டருக்கு மேல் எழாது. துள்ளாத பந்தில்தான் தலையைத் தூக்கப் பழகலாம்.

பயிற்சிக்கு 12 மீட்டர் சதுரம், நான்கு கூம்பு, ஐந்து பையன்கள். ஒருவன் நடுவில், ஒருவன் பந்து தருபவன். நடுவில் நிற்பவனுக்குப் பின்னால் இருவர், ஒருவன் கையில் சிவப்பு பனியன், மற்றவன் கையில் மஞ்சள் பனியன். பந்து தருபவன் காலைப் பின்னுக்கு இழுக்கும் நேரத்தில் அவர்களில் ஒருவன் கையை உயர்த்த வேண்டும். நடுவில் இருப்பவன் பந்து தன்னிடம் வருமுன் நிறத்தைச் சத்தமாகச் சொல்லி, அந்தப் பக்கமே திரும்பி இரண்டே தொடுதலில் பந்தைக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆனதும் ஆளை மாற்றுங்கள். ஐந்தாவது பையன் முதல் வாரம் சும்மா நிற்கலாம். இரண்டாம் வாரம் நடுவில் இருப்பவனை நெருக்க வேண்டும். நெருக்குதலை முதல் நாளே சேர்த்தால் பையன் மறுபடி பந்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

ஓட்டத்திலும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். முழு ஆட்டத்தில் மத்தியத் திடல் ஆட்டக்காரர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று கேட்டதும், பையன்களைச் செம்பனைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் மெதுவோட்டம் விடுகிறார்கள். ஆட்டத்தில் அவன் ஒரே வேகத்தில் ஓடுவதே கிடையாது. பாய்வான், நிற்பான், நடப்பான், மறுபடி பாய்வான். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான்கு நிமிடம் மூச்சு வாங்கும் வேகம், மூன்று நிமிடம் மெதுவோட்டம், இப்படி நான்கு முறை, வாரம் இரண்டு நாள். நார்வே இளையோர் அணியில் சோதித்த முறை இது. பந்தோடு செய்தால் இன்னும் நல்லது.

பதின்மூன்று வயதில் முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருவது அது. ஓட்டத்தையும் குதித்தலையும் சில வாரம் குறைத்தால் தணியும்.

அடுத்த சறுக்கல் 18 முதல் 23 வயது வரை. நம் சூப்பர் லீக் கழகங்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை முதலில் தேடுவது முதுகெலும்பில்தான்: நடுத் தற்காப்பு, நடு மத்தியத் திடல், தாக்குதல். உள்ளூர்ப் பையன் பெஞ்சில் உட்காருகிறான். 2022க்குப் பிறகு பிரீமியர் லீக் என்ற இரண்டாம் பிரிவே நின்றுபோனதில் ஆடக் கிடைத்த இடங்களும் சுருங்கின. இந்த வயதில் பெரிய கழகத்தின் ஜெர்சியை விட ஆட்ட நிமிடங்கள் முக்கியம். மோட்ரிச்சை டினாமோ ஸாக்ரெப் 18 வயதில் போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்தாருக்கு இரவல் கொடுத்தது. முரட்டு லீக், மோசமான திடல்கள், ஆனால் வாராவாரம் ஆட்டம். இடம் மாறி ஆடவும் மனம் வேண்டும். மலேசிய ஆட்டக்காரர் எஸ். குணாளன் விங்கில், அதாவது ஓரத் தாக்குதலில், தொடங்கி வலது தற்காப்புக்கு இறங்கி வந்ததால் அவருடைய ஆட்டக் காலம் நீண்டது.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் குடும்பமே படம் எடுத்துக்கொள்கிறது, தாளை யாரும் படிப்பதில்லை. தொடக்கத் தேதி, முடியும் தேதி, மாதச் சம்பளம், எந்த நாளில் வரும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஃபிஃபா விதிப்படி 18 வயது நிரம்பாதவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் செல்லாது, நிரம்பியவருக்கு உச்சம் ஐந்து ஆண்டு. ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். 4,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 520 வெள்ளி. உங்கள் 11 விழுக்காடு 440. "எல்லாம் சேர்த்து 4,000" என்று வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டால் அந்த 520 போயே போச்சு. முட்டியின் ஏசிஎல் தசைநார் அறுந்தால் அறுவைச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்ற வரியையும் தேடுங்கள். மீண்டும் ஆட வரக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். ஆறாம் மாதம் கழகம் கூப்பிட்டது என்று இறங்கினால் மறுபடி அறுவதற்கான வாய்ப்பு பல மடங்கு. கையெழுத்திட்ட பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும், வாட்ஸ்அப் படம் போதாது. முகவர் வந்தால் ஃபிஃபா உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2023 முதல் அதற்குத் தேர்வே உண்டு.

சம்பளம் இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் பையன்கள் பயிற்சிக்குப் போவதை நிறுத்துகிறார்கள். அதுதான் பெரிய தப்பு. கழகம் "வரவில்லை" என்று பதிவு செய்துகொண்டு ஒப்பந்த மீறலை உங்கள் தலையில் கட்டும். பயிற்சிக்குப் போய்க்கொண்டே, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் கெடு வைக்க வேண்டும். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் ஃபிஃபாவின் 14 பிஸ் விதி நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்க இடம் தருகிறது. நோட்டீஸ் எழுதுமுன் பிஎஃப்ஏஎம் எனும் நிபுணத்துவ ஆட்டக்காரர் சங்கத்தைக் கேளுங்கள்.

தோட்டக் குழுக்களுக்கும் ஒன்று. ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடியுமுன் பணத்துக்கு வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பங்காகும். முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 0.25, பிறகு ஆண்டுக்கு 0.5 விழுக்காடு. பத்து லட்சம் வெள்ளி மாற்றம் என்றால், 12 முதல் 15 வயது வரை வைத்திருந்த குழுவுக்கு 10,000 வெள்ளி. ஐந்து ஆண்டுக்குப் பந்து வாங்கலாம். ஆனால் குழுவும் பையனும் காற்பந்துச் சங்கத்தில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத குழுவுக்கு ஒரு காசும் வராது.

முப்பதைத் தாண்டினால் மத்தியத் திடல் ஆட்டக்காரர் பின்னுக்கு இறங்குகிறார். முன்னால் ஆடிக்கொண்டிருந்த இத்தாலிய ஆட்டக்காரர் அந்திரேயா பிர்லோவை 2001இல் பிரெசியா கழகத்தில் பயிற்றுநர் கார்லோ மாட்சோனே தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். அவருக்கு அப்போது இருபத்தொன்றுதான். ஆனால் அந்த இடத்திலிருந்துதான் முப்பத்தைந்திலும் உலகக் கிண்ணம் ஆடினார். ஓட்டம் குறைந்தாலும் பார்வை குறையாதவருக்கு அங்கே வேலை உண்டு. பயிற்றுநர் உரிமத்தின் கீழ்ப்படிகளை 28 வயதிலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, எங்கள் கோரிக்கைக்கு இரண்டு வரி இடம் போதும். ஒவ்வொரு ஆட்டச் செய்தியிலும் கோல் அடித்தவரின் பெயரோடு பந்தைக் கொடுத்தவரின் பெயர். கீழே இரு அணிகளின் ஆட்டக்காரர் பட்டியல், ஆடிய இடம், பிறந்த மாதம், மாற்றப்பட்ட நிமிடம். செயலாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதே இப்படி அனுப்பலாம்: "எண் 8, மத்தியத் திடல், டிசம்பர், முழு ஆட்டம், எண் 6, மத்தியத் திடல், மார்ச், 31ஆவது நிமிடம் வெளியேறினார்." இடம் பற்றாவிட்டால் பிரமுகர்களின் பட்டங்களில் ஒன்றிரண்டைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தோட்டக் காற்பந்துப் பயிற்றுநர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.