எங்கள் மைதானத்தில் கொட்டிய இடிபாடுகளை அகற்றி ரக்பி பயிற்சிக்கு இடம் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ரக்பி பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோர்கள் சார்பாக,
பயிற்சியாளர்,
வட சென்னை.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள பொது மைதானத்தில் கொட்டப்பட்டிருக்கும் கட்டட இடிபாடுகளை அகற்றி, மண் பரப்பித் தருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நேரிலும் தபாலிலும் முன்பு அளித்த மனுக்கள் (எதற்கும் பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் இந்தப் பகுதிக்குப் புதியவர் அல்ல. ரேஷன் கடைச் சந்து முடிகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருக்கும் மைதானம் தாங்கள் அறிந்ததுதான். மருத்துவ முகாம் நடந்தபோது தாங்களே அங்கு வந்திருந்தீர்கள். அன்று பந்தல் போட்ட கிழக்கு மூலையை மட்டும் பெருக்கி, பிளீச்சிங் பவுடர் தூவி வைத்திருந்தார்கள். மீதி மைதானத்தைப் பச்சைத் துணி கட்டி மறைத்துவிட்டார்கள். அந்தத் துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்காகத்தான் இந்த மனு.

நான் பகலில் துறைமுகம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் இந்த மைதானத்தில் ஆண், பெண் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது; நான் கேட்டதும் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், லோடுமேன், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா என்று இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். பாதிப் பேர் கபடி ஆடிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் கோரிக்கையைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டும்.

1. ரக்பி என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அமெரிக்காவில் ஆடுவது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, மனுவை ஓரமாக வைத்தார். அது வேறு ஆட்டம், ஐயா. நாங்கள் ஆடுவது எழுவர் ரக்பி; ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் கோட்டை நோக்கி ஓடுகிற ஆட்டம். 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் நடக்கிறது. 2025 ஜூன் மாதம் மும்பை அந்தேரியில் ரக்பி பிரீமியர் லீக் முதல்முறையாக நடந்தது. ஆறு அணிகள் ஆடின. இறுதிப் போட்டியில் டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கிய அணியின் பெயர் சென்னை புல்ஸ். நம் ஊர்ப் பெயரில் கோப்பை வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை ஒரே செல்போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

2. அந்த முதல் லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர் இருந்தார்கள். பெரும்பாலான இடங்கள் வெளிநாட்டு வீரர்களுக்கு. இந்தியர்களுக்கு 5 இடம். ஆறு அணிகளையும் சேர்த்தால் நாடு முழுவதற்கும் 30 இடம்தான். ஒடிசாப் பிள்ளைகளோடும் பீகார்ப் பிள்ளைகளோடும் போட்டி போட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் அதற்குள் நுழைய வேண்டும். ஒடிசா அரசு 2021-ல் இந்திய ரக்பி அணிகளுக்கே ஸ்பான்சராக முன்வந்தது. பீகாரில் ராஜ்கிர் என்ற ஊரில் 2025 ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டவர்களுக்கான ஆசியப் போட்டியே நடந்தது. இந்தியப் பெண்கள் அதில் வெண்கலம் வாங்கினார்கள். அவர்கள் அளவுக்கு எங்களுக்குச் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. அந்த ஊர்களில் பிள்ளைகள் விழுந்து எழுவதற்கு மண் இருக்கிறது, அதைத்தான் கேட்கிறோம்.

3. தொழில்முறை அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் முதலில் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். அது எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ரோடு கடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு வளைந்து ஓட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்து, பந்தை இரண்டு பக்கமும் பாஸ் கொடுக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அதையும் சந்துக்குள்ளேயே பழக்கிவிட்டோம். மூன்றாவது டேக்கிள். பந்தோடு ஓடி வருகிறவரைத் தோளால் தடுத்து, கையால் கட்டி, கீழே சாய்ப்பது. 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம் உள்ள களத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழே பேர். ஒருவர் டேக்கிளைத் தவறவிட்டால் பின்னால் காப்பாற்ற ஆள் இருக்காது. எதிரணி நேரே போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி 5 புள்ளி எடுத்துவிடும். தோளுக்கு மேல் உயரமாகப் பிடித்தால் மஞ்சள் அட்டை வரலாம். வந்தால், பாதிக்கு 7 நிமிடம் என்று மொத்தமே 14 நிமிடம் நடக்கிற ஆட்டத்தில் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதனால் டேக்கிள் சரியாக வராத பிள்ளையை, எவ்வளவு வேகமாக ஓடினாலும், எடுக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

4. இந்த டேக்கிளை எடுத்த எடுப்பில் ஓடிப் போய் இடி என்று சொல்லிக் கொடுப்பதில்லை. முதல் கட்டத்தில் இரண்டு பேரும் முழங்கால் போட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்த நிலையிலேயே தோளைப் பதித்து, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டி, தலையை எதிராளியின் பின்பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அது பழகிய பிறகு ஒருவர் நிற்பார், மற்றவர் முழங்காலில் இருப்பார். அப்புறம் அவர் நடந்து வருவார். ஓட்டம் எல்லாவற்றுக்கும் கடைசி. தலை தப்பான பக்கம் போனால் ஓடி வருகிறவரின் முழங்கால் நெற்றியில் மோதும், கழுத்து திருகிக்கொள்ளும். அதற்குத்தான் இத்தனை படி.

ஐயா, எங்கள் மைதானத்தில் முதல் படியே நடக்காது. முழங்கால் ஊன்ற முடியாது.

மழைநீர் வடிகால் தோண்டியபோது எடுத்த சேற்று மண்ணையும் கான்கிரீட் துண்டுகளையும் "நாலு நாளில் எடுத்துவிடுவோம்" என்று சொல்லித்தான் ஒப்பந்ததாரர் முதலில் கொட்டினார். எடுக்கவில்லை. அதைப் பார்த்து வீடு இடிக்கிறவர்கள் எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் குட்டியானை வண்டிகள் ரிவர்ஸில் வந்து ரப்பீஸைக் கொட்டிவிட்டுப் போகின்றன. டைல்ஸ் சில்லு, உடைந்த கக்கூஸ் பீங்கான், டியூப்லைட் கண்ணாடி, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண் துண்டு என்று எல்லாம் கிடக்கிறது. பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நின்று, குனிந்து, பக்கெட்டில் பொறுக்குகிறார்கள். மேலே இருப்பதைப் பொறுக்கினால், அடுத்த மழைக்கு மண் கரைந்து அடியில் இருப்பது மேலே வருகிறது. சாயங்கால வெளிச்சம் பெரும்பாலும் இந்தப் பொறுக்கலிலேயே போய்விடுகிறது. விளையாட வந்த பிள்ளைகளை நாங்கள் துப்புரவு வேலைக்கு வைத்திருக்கிறோம், ஐயா.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை. நாங்கள் பார்த்ததிலேயே கால் வேகமான பிள்ளை. பொறுக்கி முடித்த இடத்தில்தான் சாக்கு விரித்து முழங்கால் போட்டாள். சாக்கையும் கிழித்துக்கொண்டு பீங்கான் சில்லு முட்டிக்குக் கீழே இறங்கிவிட்டது. வெள்ளைப் பீங்கான், விரல் நீளம், ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. துண்டால் இறுக்கிக் கட்டி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். அவள் அழவில்லை. "மாஸ்டர், செலக்‌ஷனுக்கு முன்னாடி தையல் பிரிச்சிடுவாங்களா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மாதான் அழுதார். அதோடு பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா தங்கை இருவரும் அதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அந்தத் தாய்களிடம் போய் "அனுப்புங்கள்" என்று சொல்ல எந்த முகத்தோடு போவது?

இப்போது மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்குத் தொட்டு விளையாடும் டச் ரக்பி மட்டும்தான் நடத்துகிறேன். அரிசிச் சாக்கில் பழந்துணி திணித்து டேக்கிள் பை செய்தோம். அதை நிறுத்தி வைத்து இடிக்கிறார்கள். பையை இடிக்கலாம், பையோடு சேர்ந்து கீழே விழ முடியாதே. செலக்‌ஷனுக்குக் கூட்டிப் போன இடத்தில் தேர்வாளர் ஒருவர் எங்கள் பையனைப் பார்த்துவிட்டு, "சூப்பரா ஓடுறான். ஆனா தலையைத் தப்பான பக்கம் வைக்கிறான், அடி பட்டுடும். டேக்கிள் பழகிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்றார். நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். அடுத்த வருஷம் வரைக்கும் எங்கே வைத்துப் பழக்குவது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

5. "பீச்சுக்குப் போங்களேன்" என்று முன்பிருந்த அதிகாரி சொன்னார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் நெடுகக் கருங்கல் கொட்டிக் கிடப்பது தங்களுக்குத் தெரியாதா? மெரினாவுக்குப் போவதென்றால் பள்ளி விட்டு வந்து, பஸ் பிடித்து, போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறோம். வாரத்தில் ஒரு நாள் பழகிச் சுழல்காற்று மாதிரி வருகிறவனைச் சாய்க்க முடியாது. தனியார் டர்ஃப் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். அதுவும் ஐந்து பேர் ஃபுட்பால் ஆடுகிற கூண்டு. ஜிம்கானா கிளப்பில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ரக்பி உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கிளப்.

6. ஹைமாஸ் விளக்கு எரியவில்லை. கம்பம் இருக்கிறது.

7. பெண் பிள்ளைகள் உடை மாற்ற இடம் இல்லை. கட்டிய கழிப்பறைக்குப் பூட்டு போட்டிருக்கிறது. சாவி யாரிடம் என்று வார்டு அலுவலகத்துக்கும் தெரியவில்லை, வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. பூட்டைப் போட்டவர் ஒருவர் இருக்கத்தானே வேண்டும்?

8. புகார் எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்தோம். "தங்கள் புகார் சரிசெய்யப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. செய்தி வந்தபோது நான் மைதானத்தில் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி புகார் கொடுத்தோம், மறுபடி அதே செய்தி. படம் எடுத்து அனுப்பினோம். படத்துக்கும் அதே செய்தி. யார் வந்து பார்த்தார்கள், எதைச் சரிசெய்தார்கள்? கோபமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மரியாதையாக எழுதிய மனுக்கள் எல்லாம் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே ஐயா, நாங்கள் முழு மைதானத்தையும் கேட்கவில்லை. கிரிக்கெட் பையன்களும் ஆட வேண்டும், வயதானவர்களும் நடக்க வேண்டும். மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் போதும். அந்த இடத்தில் இருக்கும் இடிபாட்டை ஜே.சி.பி. வைத்து அள்ளி, மேல் மண்ணை ஒரு முழம் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, சலித்த செம்மண் பரப்பித் தர வேண்டும். மேலாக வழித்துவிட்டு அதன் மேலேயே மண் போட்டால் பயன் இல்லை. ஒரே மழையில் பீங்கான் வெளியே வந்துவிடும். ராத்திரி வண்டி உள்ளே வராதபடி வாசலில் இரும்புக் குழாய் நட்டு, ஒரு கேமரா வைக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். கழிப்பறை திறக்க வேண்டும். தண்ணீர் தெளிப்பது, மண்ணைச் சமப்படுத்துவது, காவல் இருப்பது எல்லாம் பெற்றோர்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தயார்.

அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் பொங்கல் வரை அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீருக்கு அடியில் கண்ணாடி எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியாது. அதற்குள் செய்து தர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். மறுபடியும் கேட்கிறோம், ஐயா: இடிபாட்டை அள்ளித் தாருங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் அதை அள்ளித் தாருங்கள்.

தாங்கள் ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்கு நேரில் வந்து பார்த்தால் போதும். வருகிற நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் மறுபடி பச்சைத் துணி கட்டிவிடுவார்கள். செருப்போடு வராமல் ஷூ போட்டுக்கொண்டு வரவும்.

நன்றி.

இப்படிக்கு,
பயிற்சியாளர் மற்றும் பெற்றோர்கள்

இணைப்பு: மைதானத்தின் படங்கள், பெற்றோர் கையெழுத்துத் தாள்கள், முடித்து வைக்கப்பட்டதாக வந்த குறுஞ்செய்திகளின் நகல்.