அப்பா கண்ணில் தெரியும் பிள்ளைகள்

அன்புள்ள மீனா,

அப்பாவின் மறதிநோய்க்குப் பெயர் சொன்னதும், "லூயி பாடி டிமென்ஷியாவா? யாரும்மா அந்த லூயி?" என்று நீ போனில் கேட்டபோது அப்பா பக்கத்தில் இருந்ததால் பேச முடியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன்.

ஃபிரெட்ரிக் லூயி, பெர்லினில் பிறந்த யூத மருத்துவர். ம்யூனிக்கில் அல்சைமர் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில், நரம்பணுக்களுக்குள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் இருப்பதை 1912-ல் எழுதினார். 1919-ல் பாரிஸில் திரெத்தியாகோஃப் என்பவர்தான் அவற்றுக்கு லூயியின் பெயரை வைத்தார்; 'பாடி' என்பது அந்த உருண்டைதான். 1933-ல் ஹிட்லர் வந்தபின் லூயி நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் தன் பெயரின் எழுத்தையும் மாற்றிக்கொண்டார். 1950-ல் இறந்தபோது அப்படியொரு மறதிநோய்ப் பெயரே கிடையாது. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

1976-லிருந்து ஜப்பானில் கொசாகா கெஞ்சி என்ற மருத்துவர், புத்தி தடுமாறி இறந்தவர்களின் மூளையின் மேற்பரப்பிலும் அதே உருண்டைகளைக் கண்டு, விடாமல் எழுதினார். 1995-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பல நாட்டு மருத்துவர்கள் கூடிப் பேசி, மறுவருஷம் இந்தப் பெயரையும் நோயைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் வெளியிட்டார்கள். இல்லாத ஆட்கள் கண்முன் நிற்பதுபோலத் தெரிவது முக்கிய அடையாளங்களில் ஒன்று.

அப்பா "ஹால்ல ரெண்டு பிள்ளைங்க நிக்குதுங்க" என்றபோது, முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் மனநோய் என்று ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். உனக்கு அப்போது முழுசாகச் சொல்லவில்லை. கை கால் கட்டைபோல விறைத்துவிட்டது. வாயில் விட்ட கஞ்சி ஓரமாக வழிந்தது. விழுங்கத் தெரியவில்லை. இந்த நோய்க்கு அந்த வகை மருந்து ஆகவே ஆகாதாம், உயிருக்கே ஆபத்தாம். பெயர் தெரிந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. கொசாகாவை நான் கும்பிடாத நாளில்லை.

அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் நோயின் பெயரையும், கொடுக்கக் கூடாத மருந்தையும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உன் போனில் வைத்துக்கொள். எனக்கு ஏதாவது ஆகி, வேறு யாராவது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், முதலில் அதைக் காட்டச் சொல்.

இப்போது நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். சில நாள் பழைய அப்பாவேதான், பேப்பர் படித்துக் கதை சொல்கிறார். மறுநாள் என்னையே யார் என்று கேட்கிறார். பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். நேற்று ராத்திரி இட்லியைப் பிட்டு, சர்க்கரை தொட்டு, தட்டின் ஓரத்தில் வைத்தார். "சின்னதுக்குக் காரம் ஆகாது" என்றார். சரி என்று இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன்.

அம்மா